கடைசிப் பத்தியில் அண்டைவீட்டார்

நாளிதழ்ச் செய்தியில் நான்கு வரி குறைக்க வேண்டும். விசாலாட்சி வழக்கம்போல் அடியிலிருந்து தொடங்கினாள். அங்கே அண்டைவீட்டார் இருந்தார்.

செய்தி எழுதுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. முக்கியமானது மேலே, போனாலும் பரவாயில்லை என்பது கீழே. பக்கத்தில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டிக்கொண்டே வரலாம், மேலே இருப்பது சிதையாது. ஒருவர் வீட்டில் இறந்துகிடந்தால் முதல் பத்தியில் அவர் வயதும் வட்டாரமும் வரும். அடுத்து காவல்துறை. எல்லாருக்கும் பின்னால் அண்டைவீட்டார். வெளியே அவருக்குப் பெயர் உண்டு, துணிக்கம்பிலிருந்து சொட்டும் நீருக்காக மேல்மாடிக்காரருடன் ஒரு சண்டையும் உண்டு. செய்திக்குள் நுழைந்ததும் அதெல்லாம் போய்விடும். "அமைதியானவர், யாரிடமும் அதிகம் பேசமாட்டார்" என்று சொல்வது மட்டுமே அவர் வேலை. முன்பெல்லாம் விசாலாட்சி யோசிக்காமல் வெட்டிவிடுவாள்.

இன்றைய செய்தி சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் தனியாக வாழ்ந்து இறந்துபோன மாதைப் பற்றியது. அண்டைவீட்டார் சொல்லியிருந்தார்: "காலையில் அவர் வீட்டு வானொலிச் சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் கதவைத் தட்டினேன்."

"அக்கா, அண்டைவீட்டார இன்னும் வெட்டலையா?" என்றான் பக்கத்து மேசை பிரபாகர். "பேஜ் அச்சுக்குப் போகணும் லா."

"இவங்க கதவத் தட்டியிருக்காங்க பிரபா."

"அப்ப எத வெட்டுறது? பக்கத்துல வானிலைதான் இருக்கு."

"மழை பேஞ்சா தன்னால தெரியும். அத வெட்டு."

அவன் சிரித்துக்கொண்டே வெட்டினான். போன ஞாயிற்றுக்கிழமை அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, வாளியைப் பிடித்தபடி வெகுநேரம் கிடந்தது அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மணிக்கட்டுக் கட்டைப் பற்றிக் கேட்டவர்களிடம் சுளுக்கு என்றாள். ஈரத் தரையில் கிடந்தபோது வலியைவிட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது: என் வீட்டில் எந்தச் சத்தம் நின்றால் யாருக்குக் கேட்கும்? மறுநாளே வீட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி செய்துகொண்டாள். அதை யாரிடம் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

அன்று மாலை உட்லண்ட்ஸில் தன் அடுக்குமாடிக்குத் திரும்பியதும், சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள். கைலி கட்டிய பெரியவர் வந்தார்.

"எந்த வீடும்மா நீங்க?"

"பக்கத்து வீடுதான்."

"அதுல ஆள் இருக்கா? எப்பவும் பூட்டியே கெடக்கு, ஓனர் வெளிநாட்டுல இருக்காங்கன்னுல்ல நெனச்சேன்! எப்ப வந்தீங்க?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான் இஸ்மாயில். சொல்லுங்க, என்ன வேணும்?"

அவள் விரல்கள் சாவியின் மேல் தாமாக மூடிக்கொண்டன.

"தண்ணி... உங்க வீட்டுல வருதான்னு கேக்க வந்தேன்."

"வருதே."

"சரிங்க."

இந்த அடுக்குமாடிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவுகள். வெளியே கம்பிக் கதவு, உள்ளே மரக்கதவு. வீட்டில் ஆள் இருந்தால் கம்பிக் கதவை மட்டும் பூட்டி மரக்கதவைத் திறந்து வைப்பார்கள். காற்று வரும். நடைபாதையில் போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பார்வை பிடிக்காமல்தான் விசாலாட்சி இத்தனை வருடம் மரக்கதவையும் சாத்தியே வைத்திருந்தாள்.

இன்று அதைத் திறந்து, ஆடாமல் இருக்க அரிசி டின்னை முட்டுக்கொடுத்தாள். கைப்பேசியில் வானொலியை வைத்தாள். நாற்காலியை நடைபாதையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சற்றுக் கழித்துப் பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவு கிறீச்சிட்டது. ரப்பர் செருப்பின் சத்தம் தேய்ந்தபடி இந்தப் பக்கம் வந்து, அவள் வாசலருகில் மெதுவானது.