பாயில் மட்டும் ஏழு

பாய் விரித்த பிறகு எஞ்சினைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தப் படகுப் பட்டறையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை; ஆனாலும் சாயம் அடிப்பவர் முதல் கயிறு பின்னுபவர் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாங்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு படகு துறையின் வாயைத் தாண்டும், பாய்கள் ஏறும், எஞ்சினின் குரல் தணியும். தணியுமே தவிர நிற்காது. உள்ளறையில் நிற்கும் மெக்கானிக் விசைப்பிடியைப் பாதிக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, இயந்திரச் சுழற்சியைக் காட்டும் முகப்பின் மேல் தன் தொப்பியைக் கழற்றி மாட்டுவான். வெளியே, சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி, படகை வரைந்தவர் வேகமானியைப் பார்த்துச் சிரிப்பார். அதில் ஏழு என்று இருக்கும்.

மெக்கானிக், படகை வரைந்தவருடைய மனைவியின் தம்பி. அவளோ பட்டறையின் விற்பனையைப் பார்த்துக்கொள்பவள். நீளம் பதின்மூன்று மீட்டர், எடை பதினெட்டு டன், எஞ்சின் நூற்றுப்பத்துக் குதிரைத்திறன், பாயில் மட்டும் வேகம் ஏழு நாட், அதாவது மணிக்கு ஏழு கடல் மைல் என்று விவரத்தாளைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். கடைசி வரியைத் தவிர மற்ற யாவும் உண்மை.

முதல் வெள்ளோட்டத்தில் எஞ்சினை மெய்யாகவே அணைத்தார்கள். நல்ல காற்று. ஆனாலும் படகு நாலைத் தாண்டவில்லை. படகின் அடியில் நீருக்குள் இறங்கும் கீலின் ஆழம் போதவில்லை. இருக்கிற பாய்க்கு எடை அதிகம். பல ஆண்டுகள் பிறர் பெயரில் வெளிவந்த படகுகளை வரைந்துவிட்டு, முதன்முதலாகத் தன் பெயரில் ஒன்றை வரைந்த மனிதர், அன்று படகின் மூக்குப் பக்கம் போய் நின்றவர் கரை வரும்வரை திரும்பவில்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் பென்சிலைத் தொடவில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்தால் சாப்பிட்டார்; வைக்காவிட்டால் கேட்கவில்லை. அடுத்த வெள்ளோட்டத்துக்கு அவரை இழுத்துப்போனதே பெரும்பாடு. அன்று தம்பி, பேட்டரி ஏறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டான். வேகமானி ஏழைக் காட்டியது. "பாத்தியா, பாயை இழுத்துக் கட்டுன விதம்தான் சரியில்லாம இருந்திருக்கு," என்று அவர் திரும்பிச் சிரித்தபோது, அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சினைப் பற்றிப் பேசாத சட்டம் பிறந்தது அந்தப் பார்வையில்தான். எஞ்சின் அறைக்கு அவரே பார்த்துப் பார்த்து அமைத்த ஒலித்தடுப்பு அத்தனை கச்சிதம். காற்றடிக்கும் மேல்தளத்தில் ஒன்றும் கேட்காது. அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அவர் கேட்டதில்லை. கேட்காததையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

யாருக்கும் இதனால் கெடுதல் வரவில்லை என்பது அவளுடைய சமாதானம். இதுவரை இந்த மாதிரிப் படகை வாங்கியவர்கள் கரையை ஒட்டியே சுற்றுபவர்கள்; பாயைப் படம் எடுப்பதற்காக விரித்துவிட்டு எஞ்சினில் திரும்பி வருபவர்கள்.

இன்று வந்திருந்தவர்கள் ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும். மருத்துவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

"இவருக்குக் குளியல் தொட்டியிலேயே தலை சுத்தும்," என்றாள் மருத்துவரின் மனைவி. "இவரை நம்பித்தான் கடல்ல இறங்கறேன், என் தைரியத்தைப் பாருங்க."

"முப்பது வருஷம் அடுத்தவங்க வாயையே பாத்துட்டேன்," என்றார் மருத்துவர். "இனிமே கொஞ்சம் தூரமாப் பாக்கணும்."

உள்ளறையின் சன்னலிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினான். "நம்ம படகுக்கு இடுப்பு கொஞ்சம் பெருசுங்க சார். அதனால ஆட்டாது. தூக்கம் நல்லா வரும்."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு மச்சான்," என்றார் சக்கரத்தில் நின்றவர். குரலில் கோபமில்லை. பாய் வயிறு தள்ளி நின்றது. வேகமானி ஆறரையிலிருந்து ஏழுக்கு ஏறியது.

மருத்துவரின் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படகை வரைந்தவரிடம் கேட்டாள்: "டேங்க் நிறைய டீசல் போட்டா தொள்ளாயிரம் மைல்னு சொன்னீங்க. பெருங்கடலைத் தாண்ட மூவாயிரத்துக்கு மேல போகணும். மிச்சம் பூரா காத்துதானே?"

"காத்துதான்," என்றார் அவர், படகின் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்து. "காத்து இருந்தா இவ நிக்க மாட்டா."

"அப்ப ஏழு வச்சே தண்ணிக்குக் கணக்குப் போட்டுடறேன். இவருக்கு சிறுநீரகம் கொஞ்சம் தகராறு, தண்ணி மட்டும் குறையவே கூடாது. மேல ஒரு வாரத்துக்குச் சேத்து வச்சுக்கறேன். போதும்ல?" கடைசிக் கேள்வியை அவள் அவரிடம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம், பெண்ணுக்குப் பெண் கேட்பதுபோல, தோளைத் தொட்டுக் கேட்டாள்.

போதும் என்று சொல்லிவிடலாம். அவள் நாக்கு அதற்குப் பழகியிருந்தது. நாலு நாட் வேகத்தில் போனால், பாயில் போகும் நாட்கள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதும், அந்த ஒரு வாரம் எந்த மூலைக்கும் காணாது என்பதும் அவளுக்கு விரல் மடக்காமலே தெரிந்தது. எதிரே கணவரின் முதுகு. சட்டைக்குள் தோள்பட்டை எலும்புகள் மறுபடி நிமிர்ந்திருந்தன. அந்த நிமிர்வைக் கொண்டுவர இந்த வீடும் பட்டறையும் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதைத் தன் கையாலேயே முறிப்பதா? முறிக்காமல் விட்டால், எங்கோ நடுக்கடலில், தலை சுற்றும் ஒரு மனிதருக்கு இந்தப் பெண் தண்ணீரைப் பாட்டில் மூடியில் அளந்து கொடுத்துக்கொண்டிருப்பாள். அந்த மூடியும் அதை ஏந்திய கையும் அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தன.

"போதாதும்மா," என்றாள்.

மருத்துவரின் மனைவி திரும்பினாள்.

"எஞ்சின் ஓடிட்டிருக்கு. பாய் ஏறுனதுலருந்து ஓடிட்டுதான் இருக்கு. இது காத்து குடுக்கற ஏழு இல்ல."

உள்ளே தம்பியின் முகம் சன்னலில் உறைந்து நின்றது. "அக்கா," என்றான், கெஞ்சுவதுபோல.

"அணைச்சிடுடா."

அவன் அத்தானைப் பார்த்தான். அத்தான் திரும்பவில்லை, இரு கைகளும் சக்கரத்தில் இருந்தபடியே இருந்தன. தம்பியின் கை விசைப்பிடியில் தயங்கியது.

"அணைடா," என்றாள் அவள், இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க.

காலடிப் பலகையில் இத்தனை நேரமும் இருந்ததே தெரியாத ஓர் அதிர்வு நின்றுபோனது. தண்ணீர் பலகையை உரசும் ஒலி முதன்முறையாகக் கேட்டது. பின்னால் அகன்று வந்த வெண்ணுரை மெலிந்து, திட்டுத்திட்டாகப் பிரிந்து, கடலோடு கலக்கத் தொடங்கியது. அவள் கணவர் தலையை நிமிர்த்திப் பாயின் உச்சியைப் பார்த்தார். இருக்கிற காற்றைப் பாய் பிடித்துக்கொள்ளட்டும் என்பதுபோல, சக்கரத்தை மிக மெல்ல, ஒரு விரற்கடை அளவு, காற்றின் பக்கமாகத் திருப்பினார்.