நான்கு விரல் குறைவு

பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள் பெலிண்டா. அம்மாவின் கல்யாணப் பட்டு மட்டும் அகப்படவில்லை. அதன் அட்டைப்பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே இரண்டு அந்துருண்டைகளும் ஒரு பழைய செய்தித்தாளும்தான்.

முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா பேட்ரிசியா கிடந்தாள். விடியற்காலையில் உயிர் பிரிந்தபோது போட்டிருந்த அதே நைட்டி, மேலே ஒரு வெள்ளைத் துணி. மூன்றரைக்குக் கோயிலில் அடக்கப் பூசை. அதற்குள் உடுத்தியாக வேண்டும். புருஷனுக்கு முன்னால் போகிறவளைக் கல்யாணப் புடவையோடுதான் அனுப்புவது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

"கெடைச்சுதாம்மா?" அப்பா அமிர்தராஜ் மூன்றாவது தடவையாக வந்து நின்றார்.

"இல்லப்பா. கிளப்புக்குத் தூக்கிக் குடுத்திருப்பாங்க. வேற எங்க போகும்?"

அவர் முன்னறைக்கே திரும்பிப் போனார்.

ஸ்ரீரங்கத்தில் இருந்தது அந்த மகளிர் கிளப். மாதம் ஒரு சனிக்கிழமை பார்சல் கட்டுவார்கள். பச்சைமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்வெட்டர் போகும், தான்சானியாவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குத் துணிமணி போகும். முதன்முதலாக நற்கருணை வாங்கியபோது பெலிண்டா போட்ட புதுநன்மை கவுன் அவளைக் கேட்காமலே அந்தப் பார்சலில்தான் போனது. பிறகு சைக்கிள். "நமக்குத்தான் இருக்கேடி" என்பாள் அம்மா.

பெலிண்டாவுக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்ட அன்றும் அம்மா கிளப்பில்தான் இருந்தாள். போன் பைக்குள் கிடந்து அடித்தது. அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, உயிரில்லாத குழந்தையை ஆஸ்பத்திரியின் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அம்மா அழவில்லை. துணியை விலக்கி, உச்சந்தலையிலிருந்து ஒரு சாண் வைத்தாள். அடுத்த சாண் வைத்தாள். பாதத்தைத் தாண்டி நான்கு விரல் மிஞ்சியது. துணிக்கடைக்காரன் அளப்பதுபோல அளந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பெலிண்டா மன்னிக்கவில்லை. மூன்று வருடமாக அம்மாவிடம் அவள் பேசியதெல்லாம் மாத்திரை போட்டாச்சா என்பதோடு சரி.

வாசலில் ஆட்டோ நின்றது. கிளப் தலைவி சகுந்தலா மாலையும் ஒரு கவருமாக வந்தாள். மாலையைப் பெட்டியின்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, நேராகப் பெலிண்டாவிடம் வந்து கவரை நீட்டினாள்.

"கிளப்போட நீலப் புடவைம்மா. எங்க மெம்பர் யார் போனாலும் இதைத்தான் போத்துவோம்."

"வேணாம் ஆன்ட்டி. எங்கம்மா கல்யாணப் பட்டு எங்க? எந்த நாட்டுக்குப் பார்சல் பண்ணீங்க?"

சகுந்தலா அவளையே பார்த்தாள். "உங்கிட்ட சொல்லலையா?"

"எங்கிட்ட எதைச் சொன்னாங்க?"

"நாங்க கேக்கலம்மா. வேணாம்னுதான் சொன்னேன். பேட்ரிசியாதான் வெட்டினாங்க. பொறந்ததும் தவறிப்போற குழந்தைங்களுக்குப் போட்டு அனுப்பச் சட்டை. இங்க பெரியாஸ்பத்திரிக்குக் கொஞ்சம், தான்சானியாவுக்குக் கொஞ்சம். பதினொன்னு போயிடுச்சு."

ஐஸ் பெட்டியின் மோட்டார் ஒருமுறை உறுமி நின்றது.

"இன்னும் ஒன்னு மெஷின்ல இருக்கும்." சகுந்தலாவின் குரல் இறங்கியது. "இப்ப கேக்கக் கூடாதுதான். காலைல ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. எங்கிட்ட வேற கையிருப்பு இல்ல."

"எழவு வீட்டுலயும் வந்து வாங்கிட்டுப் போவீங்களா? வெக்கமா இல்ல?"

"இருக்கு." சகுந்தலா நகரவில்லை. "என்ன திட்டணுமோ திட்டு. சட்டையக் குடுத்துட்டுத் திட்டு."

பெலிண்டா விறுவிறுவென்று பின்னறைக்குப் போனாள். கிழித்து எறிந்துவிடும் வேகம்தான் இருந்தது. தையல் மெஷினில் ஊசி குத்தியபடியே ஒரு சின்னச் சட்டை நின்றது. வெள்ளைப் பட்டு. அடியில் கல்யாணப் போட்டோவில் பார்த்த அதே சரிகைக் கரை. ஒரு பக்கத்து நாடா தைத்திருந்தது, மறுபக்கத்து நாடா குண்டூசியில் நின்றது.

பின்னாலேயே வந்த சகுந்தலா நிலைப்படியில் நின்றாள். "இதுக்கு உங்கம்மாவோட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? சின்னது பெரிசுன்னு நாலு சைஸ் வேணும். கேக்கவே மாட்டாங்க. பன்னெண்டும் ஒரே சைஸு. பெரிய குழந்தைக்குப் பத்தாது, சின்னதுக்குத் தொளதொளன்னு கெடக்கும். அளவு அட்டை குடுத்தா, 'எங்கையிலயே அளவு இருக்கு'ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

பெலிண்டா சட்டையை மெஷின் பலகையில் நீவிவிட்டாள். கழுத்திலிருந்து கரைவரை பார்த்துக்கொண்டேயிருந்தாள். தலைக்கென்று மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஒரு சாண் வைத்தாள். அடுத்த சாண் வைத்தாள்.

கரையைத் தாண்டி நான்கு விரல் மிஞ்சியது.

"வெளிய இருங்க" என்றாள்.

மிதிகட்டை ஓடும் சத்தம் கேட்டு அப்பா வந்தார். "என்னம்மா இது, இந்த நேரத்துல..." என்று ஆரம்பித்தவர் கரையைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் எடுத்துத் தந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வாங்கினார்.

நூலைப் பல்லால் கடித்து, சட்டையை மடித்து, முகத்தைப் பார்க்காமல் சகுந்தலாவிடம் நீட்டினாள் பெலிண்டா.

"ஆட்டோ நிக்குதா?"

"நிக்குது."

"போங்க."

நீலப் புடவைக் கவரை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டே முக்காலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பெட்டியைத் திறந்தார்கள். உடுத்தி முடித்தபோது முந்தானை தோளில் நிற்காமல் சரிந்தது. அப்பா உள்ளங்கையை நீட்டினார். பெலிண்டா அதிலிருந்து இரண்டு குண்டூசிகளை எடுத்துக் குத்தினாள். ஜெபமாலை சுற்ற அம்மாவின் வலது கையை எடுத்தாள். சில்லிட்டு விறைத்திருந்தது, விரல்கள் நீண்டபடி.

ஜெபமாலையை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை. அந்தக் கைமேல் தன் கையை விரித்து வைத்தாள். நுனிக்கு நுனி சரியாக இருந்தது.