ஒளித்து வைத்த வெற்றிலைப் பை

மனைவியின் வெற்றிலைப் பழக்கத்தோடு கல்யாணமான நாளிலிருந்து மல்லுக்கட்டித் தோற்றவன் சரவணமுத்து. அதனால் லீலாதேவிக்கு தொண்டையில் டொன்சில் சதையை வெட்டியெடுத்த பதுளை டாக்டர், "ஆறும்வரை வெற்றிலை வாயில் படக்கூடாது" என்றதும், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல் அவனுக்கு ஆனந்தம். இரத்தம் தெரிந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் அவளுடைய வெற்றிலைப் பையை இறுக்கி முடிந்து, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

ஒரு வாரம் நல்லபடியாகப் போனது. ஞாயிறு காலை குழாயடியில் அவள் துப்பியதைப் பார்த்தான். செக்கச்செவேல் என்றிருந்தது.

"பையத் தேடி எடுத்துட்டியா?"

தொண்டை வலியில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. இல்லையென்று தலையாட்டினாள்.

"எங்கிட்டயே பொய்யா? இனி செவப்பா ஒரு சொட்டுத் துப்பிப் பாரு, அப்புறம் தெரியும் சேதி!"

அதன்பின் அவள் துப்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சரவணமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான், மறுபடி போனான். எப்போது பார்த்தாலும் அவள் தொண்டை எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தது. கன்னத்தில் அடக்கிவைத்துச் சாறு விழுங்குகிறாள் கள்ளி என்று பொருமினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுதானே. கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று அரிசி வாளியை நகர்த்தினான்.

பை அங்கேயே இருந்தது. அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தால், உள்ளே வெற்றிலை அத்தனையும் அழுகிக் கிடந்தது.

இரத்தத்தைப் பற்றி டாக்டர் சொன்ன சொல் அப்போதுதான் அவன் காதில் விழுந்தது. ஓடிப்போய் அவளைத் திருப்பினான். முகம் வெளிறி, நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது.

கடைக்கார றஹீமின் ஆட்டோ ஹாலிஎல மலைப்பாதை வளைவுகளில் பறந்தது. லீலாதேவி உதட்டைக் கடித்தபடி விழுங்கிக்கொண்டே வந்தாள். அவன் தன் சட்டையைக் கழற்றி அவள் வாயருகே ஏந்தினான்.

"துப்பு புள்ள! ஒன்னய கும்பிடுறேன், துப்பிரு! அது வெத்தல இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன்!"

அவள் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வயிறு தாங்காமல், விழுங்கியதெல்லாம் கருஞ்சிவப்பாய் அவன்மேல் கொட்டியது. தள்ளுவண்டியில் அவளை உள்ளே கொண்டு ஓடினார்கள். கதவுக்கு வெளியே அவன் பிள்ளைபோல் அழுதான்.

இரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். சாயந்தரம் வார்டில் கண்விழித்தவளிடம் நர்ஸ் ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"வாயில இருக்கிறத துப்புங்கம்மா."

லீலாதேவி துப்பவில்லை. முதலில் பயத்தோடு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் சரவணமுத்து செத்தே போனான். கிண்ணத்தை வாங்கி, இரண்டு கையாலும் அவளுக்குப் பிடித்தான்.