ஏழாம் பொத்தான்

வெண்டெல் ஹஸ்கின்ஸ் பார்த்த வேலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தொலைக்காட்சி நாடகங்களுக்குச் சிரிப்பு வைப்பது! ஹாலிவுட்டில் அதற்கென்றே தட்டச்சுப் பொறி மாதிரி ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால், என்றோ ஒலிநாடாவில் பிடித்து வைத்த சிரிப்பு வரும். ஏழாம் பொத்தானில் அவர் மனைவி நதீன் இருந்தாள். ஒரு நாள் படப்பிடிப்பைப் பார்க்க வந்து சிரித்துவிட்டுப் போனவள். அந்த மகராசிக்கு எந்த நகைச்சுவையும் உடனே புரிந்ததில்லை. அரங்கமே சிரித்து ஓய்ந்த பிறகு, தனியாகக் கலகலவென்று சிரிப்பாள். அவள் செத்து நான்கு வருடமாயிற்று.

மற்ற ஸ்டுடியோக்கள் பழைய சிரிப்பு வேண்டாமென்று கைகழுவிவிட்டன. மிச்சமிருந்தது போர்முனை ஆஸ்பத்திரி நாடகம் ஒன்றுதான். அதிலும் அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் சிரிப்பே கூடாது என்று கண்டிப்பு. மற்ற இடங்களில் வாராவாரம் நதீனை நுழைத்துவிடுவார். அதற்காகத்தான் மனிதர் காலையில் எழுந்து சவரமே செய்துகொண்டார்.

அந்த நாடகத்துக்கும் கடைசி வாரம் வந்தது. தயாரிப்பாளர் ரோபர்ட்டா கீன் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"இந்த வாரம் சிரிப்பே வேணாம், வெண்டெல். பெட்டியை மூடிடுங்க."

அவர் பெட்டியை மூடவில்லை. "ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கறேன், ரோபர்ட்டா. இத்தனை வருஷத்துல உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கேனா?"

"ஐயோ, அழுதுடாதீங்க! சரி, ஒண்ணு. படத்தைக் கெடுத்தீங்க, வெட்டி எறிஞ்சுடுவேன்."

மூன்று முறை படத்தை ஓட்டிப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடாரத்தில் நல்ல நல்ல நகைச்சுவைகள் வந்தன. மனசு ஒப்பவில்லை. படத்தின் முடிவில், போர் ஓய்ந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். டாக்டர் மட்டும் கட்டிலை மடித்துக்கொண்டே காலிக் கூடாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்த ஓட்டல்ல இனிமே தங்க மாட்டேன்ப்பா. சூப்பு படு மட்டம்."

சிரிக்க ஆளில்லை.

வெண்டெல் மூன்று வரை எண்ணிவிட்டு ஏழாம் பொத்தானை அமுக்கினார்.

மறுநாள் பார்த்த ரோபர்ட்டா கத்தினாள். "கூடாரமே காலி! யாரு சிரிக்கறா? அதுவும் இவ்வளவு லேட்டா?"

"எங்க வீட்டுக்காரி. அவளுக்கு எப்பவும் லேட்டாத்தான் புரியும்."

ரோபர்ட்டாவின் கையில் ஒலிநாடாவை வெட்டும் சிறு கத்தி இருந்தது. அதை மேசை மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள்.

வெண்டெல் படத்தைப் பின்னுக்கு ஓட்டினார். டாக்டர் சூப்பைத் திட்டினார். அவள் சிரிப்பதற்காக இருவரும் காத்திருந்தார்கள்.