அவள் சொன்னதாக ஒரு தாள்

"யாரோ சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்றதுக்கு ஒரு வகுப்பா அண்ணி? அதை நம்ம தெருவுல சும்மாவே செய்றாங்களே" என்று நாத்தனார் கேலி செய்தபோது அண்ணியும் சேர்ந்துதான் சிரித்தாள். இருவருக்கும் ஒரே ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் நாத்தனார் வீட்டுக்குப் போவாள். அண்ணி நாற்பது வயதில் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆங்கில வகுப்புக்குப் போவாள். அவர் இப்படிச் சொன்னார், அப்படிச் செய்தால் இப்படி ஆகும் என்று இரண்டு மாதமாக அங்கே அரைத்த மாவையே அரைத்தார்கள். அவளுக்கு அலுக்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படுக்கை விரிப்பு தேய்க்கும் உருளையில் நாத்தனாரின் வலது கை மாட்டிக்கொண்டது. நாலு விரலும் வெந்துபோயின. மூன்றாம் நாள், கட்டுப்போட்ட கையோடு அவளை சூப்பர்வைசர் கூப்பிட்டார். அண்ணி துணைக்குப் போனாள்.

சூப்பர்வைசர் ஒரு தாளை நகர்த்தினார். "ஒண்ணுமில்லம்மா, வழக்கமான ஃபாரம்தான். இடது கையால ஒரு கீறல் போட்டா போதும்."

நாத்தனார் பேனாவை எடுத்தேவிட்டாள். யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற அப்பாவி அவள். அண்ணி ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளைப் பிடுங்கி, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். கை உள்ளே போகாமல் காக்கிற உருளையின் தடுப்பைத் தானே கழற்றியதாக நாத்தனார் சொன்னாளாம். யாரும் அவசரப்படுத்தவில்லை என்றும் சொன்னாளாம். இதில் கையெழுத்து விழுந்தால் வைத்தியச் செலவும் போச்சு, வேலையும் போச்சு.

"இவ இப்படிச் சொல்லவே இல்லையே சார்."

"ரெண்டு மாசம் படிச்சுட்டு எனக்கே பாடமா? பேசாம இரு. இல்லேன்னா நாளையிலேர்ந்து உனக்கும் வேலை இல்ல."

அண்ணிக்குப் பயம்தான், இல்லையென்று சொல்வானேன். ஆனாலும் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் எழுதினாள். தடுப்பைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர் என்று எழுதினாள். உருளையை நிறுத்தினால் வேலையைவிட்டு நிறுத்திவிடுவேன் என்று விபத்தன்று காலை அவர் சொன்னதை எழுதினாள். இப்போது மிரட்டியதையும் விடவில்லை. கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.

"அன்னிக்கு அங்க பன்னெண்டு பேர் இருந்தோம். எல்லாருக்கும் காது நல்லா கேக்கும் சார்" என்றாள். "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். படிச்சுட்டு நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. அவள் தாளை மடித்துக்கொண்டு மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தாள். நாத்தனார் ஓடிவந்து வழிமறித்தாள்.

"நில்லுங்க அண்ணி. அவர் சொன்னதை மட்டும் எழுதினா எப்படி? நான் சொல்றேன், அதையும் எழுதுங்க."