இடது ஓரத்து இக்ரோம்

இடுப்புத்துணி மறுபடியும் நழுவியது. முரோத் வாசலில் நின்றபடியே அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். பஞ்சு வைத்துத் தைத்த நீல அங்கி, அதன் மேல் இந்தத் துணி, தலையில் தொப்பி. தகப்பனைப் பறிகொடுத்தவன் இந்தக் கோலத்தில்தான் தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். மையத்துக்கு, அதாவது இறந்தவருக்கு, சொந்தக்காரர்கள் மட்டுமே துணி கட்டுவார்கள். ஃபெர்கானாவிலிருந்து வர வேண்டிய சித்தப்பா மகன்களுக்காக இன்னும் இரண்டு துணிகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின.

வந்தவர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, கை ஏந்தி ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்கள். காலையில் வந்து இன்னும் எழுந்து போகாதவர்கள் இரண்டே பேர். அப்பாவின் தேநீர்க்கடைக் கூட்டாளிகளான முடிதிருத்துகிற எர்காஷும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கோபிலும். மூவராக உட்கார்ந்தே பழகியவர்கள். இப்போதும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்கு மேட்ச்சுல அவனை ஆரம்பத்துலயே எறக்கறாங்களாம்," என்றார் கோபில். ஓதிய கை இன்னும் முகத்தை விட்டு முழுதாக இறங்கவில்லை.

"எவனை?"

"இக்ரோமைத்தான். அந்தத் தாஷ்கண்ட் பையனுக்குத் தொடையில பிடிச்சுக்கிச்சு. இடது ஓரத்துக்கு வேற ஆளு ஏது?"

"ஆளு இல்லாட்டி பத்துப் பேரோட ஆடலாம். இவனுக்கு அது எவ்வளவோ மேல்."

"மெதுவாப் பேசுய்யா. மையத்து வீடு."

"மெதுவாத்தான் பேசறேன். வசந்தத்துக்கு அப்புறம் அவன் போட்ட ஒரு கிராஸ் சொல்லு பாப்போம். ஒண்ணே ஒண்ணு."

"ஆட விட்டாத்தானே போடுவான்? கடைசி அஞ்சு நிமிஷம் எறக்கி விடறது. அவன் பந்து என்ன நிறம்னு பாக்கறதுக்குள்ள விசில் ஊதிடறாங்க. இதைத்தானே நம்ம ஹோஷிம்ஜான் தினம் தினம்..." கோபில் பாதியில் நிறுத்தி, நடுவிலிருந்த அப்பாவின் காலி இடத்தைப் பார்த்தார்.

எர்காஷ் பெருமூச்சு விட்டார். "அவன் ஒரு விசித்திரம்யா. போன வருஷம் பூரா 'இவனைத் தூக்கு, தூக்கு'ன்னு மைதானம் அதிரக் கத்தினவன். இந்த வசந்தத்துல இருந்து திடீர்னு அவனுக்கே வக்கீல். அப்படி என்னதான் ஆச்சுன்னு கடைசி வரைக்கும் வாய் திறக்கலியே."

முரோத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியும்.

இக்ரோம் இதே தெருவின் கடைசி வீட்டுப் பையன், ஊர்க் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஆடுகிறவன். வசந்தத்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று பந்துகளை வரிசையாகப் பறிகொடுத்தான். அப்பா எழுந்து நின்று, உள்ளங்கைகளை வாயோரம் குவித்துக்கொண்டு கத்தினார்: "இக்ரோம், அம்மாகூட விதை வறுக்கப் போ!" இக்ரோமின் அம்மா சனோபர் பல வருடங்களாக மைதான வாசலில் வறுத்த சூரியகாந்தி விதையைக் காகிதப் பொட்டலம் கட்டி விற்பவள். கேட்டுச் சிரித்த எல்லார் கையிலும் அவள் கட்டிக் கொடுத்த பொட்டலம்தான் இருந்தது. சிரிப்பு கைத்தட்டலானது. கைத்தட்டல் பாட்டானது. அடுத்த ஆட்டத்துக்கு யாரோ மேளமே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் வாசலில் சனோபரைக் காணோம். காய்கறிச் சந்தையின் பின்பக்கத்துக்கு மாறிப் போய்விட்டாள். இக்ரோமுக்கோ, ரசிகர் பக்கத்துக் கோட்டோரம் வந்தாலே கால் தடுமாறியது. கோச் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

அப்பா அதன் பிறகு மைதானத்துப் பக்கம் போகவே இல்லை. முழங்கால் வலி என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டார். கால் நன்றாகத்தான் இருந்தது. தேநீர்க்கடைக்கு மட்டும் தவறாமல் நடந்து போய், இக்ரோமுக்கு இன்னும் அரைமணி நேரம் ஆட்டம் கொடுக்க வேண்டும் என்று இந்த இருவரிடமும் மல்லுக்கட்டிவிட்டு வந்தார். இவர்களிடம் வாதாடி ஜெயித்தால் கோச் அவனை இறக்கிவிடுவார் என்பதுபோல வாதாடினார்.

இன்று விடியற்காலையில், மூச்சு வாங்கி வாங்கி வந்தபோது, அவர் முரோத்தின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவன் வாயால 'பொறுத்துக்கிட்டேன்'னு வாங்கிடு. அப்புறமா என்னை மண்ணுல வை."

யார் என்று சொல்லவில்லை. மனிதன் மன்னிக்க வேண்டியதை அவன்தான் மன்னிக்க வேண்டும், இறைவன்கூட அதைத் தன் கையில் எடுத்துக்கொள்வதில்லை என்று ஒவ்வொரு ஜனாஸா அடக்கத்திலும் இமாம் சொல்வார். அப்பா அதைக் கேட்டுக் கேட்டுப் பயந்து போயிருந்தார். அவருடைய கண்ணில் முரோத் அதற்கு முன் பயத்தைப் பார்த்ததே இல்லை.

மதியத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் தெருக்கோடியில் கதவு திறந்தது. இக்ரோம் தோளில் பையோடு வந்தான். சாவு வீட்டைத் தாண்டிப் போகிறவன் நிற்காமல் போக முடியாது. வந்து, பையைக் கீழே வைத்து, முரோத்தின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான்.

"மனுசப் பிறவிண்ணே. நம்ம கையில என்ன இருக்கு."

உட்கார்ந்து ஓதினான். எழுந்தான். முரோத் அவனோடு நாலடி நடந்தான். இதோ, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"தம்பி..."

"சொல்லுங்கண்ணே." பையின் வாரை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினான். "மண்ணு போட வர முடியலண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு ஆரம்பத்துல இருந்தே ஆடச் சொல்லியிருக்காங்க. ஏப்ரலுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

கேட்க வேண்டுமானால் அந்தப் பாட்டைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இப்போது, மைதானத்துக்குப் போகும் வழியில், தூங்காத இந்தக் கண்களுக்கு முன்னால். முரோத் வீட்டுக்குள் பார்த்தான். முற்றத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய அப்பா படுத்திருந்தார். அவருக்குப் பேசும் வேலை முடிந்துவிட்டது. இவன் இனிமேல்தான் ஓட வேண்டும். கோபம் பொங்கி வந்தது அவனுக்கு. அப்பா மேலா, தன் மேலா என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றான். "கோட்டோரமாவே ஓடு. உள்ள வராத."

இக்ரோம் தலையாட்டிவிட்டுப் போனான்.

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அப்பாவை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். இந்த ஊரில் மையத்தை மெதுவாகக் கொண்டுபோகிற வழக்கமில்லை. தோள் கொடுக்க ஆண்கள் முண்டியடித்தார்கள். சந்தூக்கு கைமாறிக் கைமாறி விரைந்தது. எர்காஷுக்கு மூச்சிரைத்தது, ஆனாலும் விடவில்லை. கோபில், "விடுய்யா, எனக்குக் கொடு," என்று அவரைத் தள்ளிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தார்.

அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் ஒரு சுவரும்தான். குழிக்கரையில் இமாம் நின்று கேட்டார்.

"இவர் எப்படிப்பட்டவர்?"

"நல்லவர், நல்லவர்!"

"இவர் பேரில் யாருக்காவது மனக்குறை இருந்தால் பொறுத்துக்கொண்டீர்களா?"

"பொறுத்துக்கிட்டோம்!"

எல்லார் வாயும் சொன்னது. முரோத்தின் காது சொல்லாத ஒரு வாயைத் தேடியது. அப்பா, உங்க பேச்சை மீறிட்டேன் என்று மனசுக்குள் சொன்னான். அவனே குழியில் இறங்கி அவரை வாங்கி, முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லாவின் பக்கம் திருப்பி வைத்தான். மேலே வந்து முதல் பிடி மண்ணைப் போட்டான். மண்வெட்டிகள் வேகமெடுத்தன.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் கேட்டது. பிறகு கைத்தட்டல். பிறகு அந்தப் பாட்டு.

"இக்ரோம், அம்மாகூட விதை வறுக்கப் போ!"

அப்பாவின் சொற்கள்தான். எழுத்துப் பிசகாமல் அப்பாவின் சொற்கள். அவர் மேல் மண் விழுந்துகொண்டிருக்க, ஆயிரம் தொண்டைகளில் அவர் கத்திக்கொண்டிருந்தார். முரோத் கையிலிருந்த மண்ணைப் போடாமல் நின்றான்.

"வெக்கங்கெட்ட பசங்க," என்றார் எர்காஷ். அவர் அந்தப் பாட்டைப் போன வாரம்கூடக் கைதட்டிப் பாடியவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னொரு முறை பாடினார்கள். பிறகு "ஓ" என்று ஒரு பெரிய சத்தம் எழுந்து அடங்கியது. என்ன நடந்தது என்று தெரியவில்லை. மேளம் மறுபடி கேட்கவில்லை.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து, வாசல் விளக்கைப் போட்டார்கள். முரோத் மறுபடியும் தன் இடத்தில் நின்றான். சித்தப்பா மகன்களில் ஒருவன்தான் வந்து சேர்ந்தான். அவன் இடுப்பில் துணி கட்டி வலப்பக்கம் நின்றான். கூட்டாளிகள் இருவரும் பழையபடி நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இக்ரோம் நேராக மைதானத்திலிருந்து வந்தான். முடி ஈரமாக இருந்தது. லேசாக நொண்டினான். உட்கார்ந்து ஓதி முடிக்கும்வரை கோபில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். அதற்குமேல் முடியவில்லை.

"எத்தனை நிமிஷம் ஆடின?"

"முழுசா, மாமா."

"பாத்தியா!" என்று கோபில் எர்காஷின் தொடையில் தட்டினார்.

"கோல் போட்டானான்னு கேளு."

"இல்ல மாமா. ஒண்ணுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணுக்கு கிராஸ் போட்டது நான்."

எர்காஷ் முன்னால் சாய்ந்தார். "எந்தக் காலால?" என்று மட்டும் கேட்டார். இடது என்றதும், மெதுவாகத் தலையாட்டினார்.

முரோத் அவனைக் கதவோரம் அழைத்துப் போனான். இனிமேல் கேட்டு என்ன பயன் என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, அந்தப் பாட்டு. அதை முதல்ல..."

"தெரியும்ணே."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. முதல் தடவை தனிக் குரலாத்தானே கேட்டுச்சு. தினம் இந்தத் தெருவுல எனக்கு சலாம் சொல்ற குரல். எனக்கு அடையாளம் தெரியாதா?"

முரோத் குரலைத் தாழ்த்தினான். "சாகறப்போ உன்கிட்டதான் கேட்கச் சொன்னாரு. மண்ணுல வைக்கறதுக்கு முன்னாடி. நான்தான் மத்தியானம் கேட்கல."

இக்ரோம் அவனை நிமிர்ந்து பார்த்தான். மத்தியானம் நாலடி கூட வந்து, ஒன்றுமில்லை என்று சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உள்ளே பெண்கள் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"அம்மா இன்னும் சந்தைக்குப் பின்னாடிதான் உக்கார்றாங்க," என்றான். "எனக்கு வாயில வரலண்ணே. பொய்யாச் சொல்லவும் பிடிக்கல."

"வேணாம். சொல்லாத."

தெருவில் அடுத்த கூட்டம் வந்துகொண்டிருந்தது, பக்கத்துத் தெருப் பெரியவர்கள். முரோத் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினான். முதலில் வந்தவரின் கையைப் பிடிக்கும்போது பின்னால் கதவு கிறீச்சிட்டது.

இக்ரோம் ஆணியில் மிச்சமிருந்த துணியை எடுத்திருந்தான். விளையாட்டுச் சட்டைக்கு மேலே அதைச் சுற்றி முடிச்சுப் போட்டான். நொண்டிக்கொண்டே வந்து முரோத்துக்கு இடப்பக்கம் நின்று, வருகிறவர்களுக்குக் கை நீட்டினான்.