ரயிலேறாத குரல்

1896 மார்ச் மாதம் சைலஸ் நான்கிவெல் பாதிரியார் சட்டமன்ற உறுப்பினராகித் தலைநகருக்கு ரயிலேறியபோது, அவருடைய குரல் அவரோடு போகவில்லை. தென் ஆஸ்திரேலியாவில் டார்கஸ் என்ற செம்புச் சுரங்க ஊரின் மெதடிஸ்ட் ஆலயத்திலேயே அது தங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு காலை இரண்டாம் பாட்டு முடிந்ததும், ஆளில்லாத பிரசங்க மேடையிலிருந்து பேசத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த அவர் மனைவி தமசின், குரல் சற்றுக் கரகரப்பாக இருப்பதைக் கவனித்து, வோட்டுக் கேட்டுக் கத்தியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்கள். புதிதாக வந்த இளம் பாதிரியார் மூன்று வாரம் அதை மீறிப் பேசிப் பார்த்தார். நாலாம் வாரத்திலிருந்து அறிவிப்புகளை வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

குரல் பேசியது ஒரே பிரசங்கத்தைத்தான். மூன்று வருடம் முன்பு சுரங்கக் கூண்டின் வடம் அறுந்து, அறுநூற்றறுபது அடி ஆழத்தில் விழுந்து செத்த ஒன்பது பேரை அடக்கம் செய்த அன்று சைலஸ் பேசியது அது. தகப்பன் குடித்துவிட்டுத் தாயின் கையை ஒடித்த வீட்டில் வளர்ந்தவர் அவர். மதுவை வெறுக்க அவருக்கு வேதம் தேவைப்படவில்லை. கூண்டை இறக்கிய எந்திரக்காரன் அன்று குடித்திருந்தான். அதைச் சொன்னார். சம்பளத்தைக் கம்பெனி மதுக்கடையில் வைத்துக் கொடுத்ததையும் சொன்னார். அதோடு விடவில்லை. "அந்த வடத்துக்கு வயசு பன்னெண்டு. இந்தக் கையால தடவிப் பாத்தேன். பாதி கம்பி துருப்பிடிச்சு முன்னாடியே அத்துப் போயிருந்துச்சு. குடிச்சவன் ஒருத்தன், குடிக்காம கொன்னவங்க நாலு பேரு" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் டார்கஸ்காரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

தலைநகரில் அவருக்குப் புதிதாக ஒரு குரல் வந்தது. மெல்லிய காகிதத்தை மடிக்கிற சத்தம் போல இருந்தது அது. சபைக் குறிப்பு எழுதுகிறவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். யாரையும் தொந்தரவு செய்யாத பேச்சு என்று இரண்டு கட்சியிலும் அவரைப் பிடித்துப்போயிற்று. கம்பெனியின் நான்கு இயக்குநர்கள், எல்லோரும் மது தொடாதவர்கள், அவரைத் தேநீருக்கு அழைத்தார்கள். மதுக்கடைகளை மூடும் மசோதாவுக்குத் தங்கள் ஆட்களின் வோட்டு நிச்சயம் என்றார்கள். சுரங்க வடங்களைச் சோதிக்கச் சொல்லும் இன்னொரு மசோதா மட்டும் கொஞ்சம் காத்திருக்கலாமே என்றார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, வெயிலில் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்த சமையலறையில் உட்கார்ந்து அதைத் தமசினிடம் சொன்னார்.

"கடைங்கள மூட அவங்க தயவு வேணும், தமசின். வடத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"உங்க குரல் அப்படிச் சொல்லலையே. போன ஞாயித்துக்கிழமகூடக் கேட்டேன்."

"அது சட்டசபைய எட்டிப் பாத்ததுண்டா? அதுக்கு என்ன தெரியும்?"

தமசின் மாவைப் பிசைந்தாள். பண்டிகை முடிந்து அவர் கிளம்பியபோது, தலைநகர் வீட்டுக்கு வரச் சொல்லி மூன்றாம் முறையாகக் கேட்டார். அவள் மூன்றாம் முறையாகத் தன் முழங்கால் வலியைக் காரணம் காட்டினாள்.

1899ல் சட்டம் நிறைவேறியது. டார்கஸின் நான்கு மதுக்கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. வாத்தியக் குழு வாசித்தது. சைலஸ் வண்டியில் நின்று தொப்பியை அசைத்தார். கடைசிக் கடைக்காரி லோவ்டே கார்ன், வாசலில் பூட்டை மாட்டிக்கொண்டே அவரைக் கூப்பிட்டாள். "நல்ல காரியம் பண்ணினீங்க பாதிரியாரே! இனிமே கூண்டோட விழுறவன் நிதானமா விழுவான்." வாத்திய இரைச்சலில் அது காதில் விழாதது போல அவர் இருந்தார்.

அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் வடம் மாற்றப்படவில்லை. முதல் விபத்துக்குப் பிறகு பழைய கிடங்கிலிருந்து எடுத்து மாட்டிய வடம் அது. 1902 ஆகஸ்டில் அறுந்தது. பதினொரு பேர். தமசினின் தம்பி டிகரியும் அதில் ஒருவன். எந்திரத்தை ஓட்டியவன் ஜோயல் ட்ரெஸைஸ். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. சைலஸ் கையெழுத்திட்ட மதுவிலக்கு உறுதிமொழி அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எந்திரத்துக்கு மேலே மாட்டி வைத்திருந்தான்.

விசாரணைக்கு வந்த நீதிபதியிடம், வடங்களைப் பற்றித் தங்களை யாரும் எச்சரிக்கவில்லை என்று கம்பெனி வக்கீல் சொன்னார். ஊர்க்காரர்கள் நீதிபதியை ஆலயத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, பிரசங்கம் முழுவதையும் கேட்டார். கோர்வையான பேச்சு என்றும், ஆனால் வேதப் புத்தகத்தின் மேல் வைத்துச் சத்தியம் செய்யக் கை இல்லாததால் அதைச் சாட்சியாக ஏற்க இயலாது என்றும் எழுதினார். கை உள்ள ஆளை வரவழைத்தார்கள்.

சைலஸ் கையைப் புத்தகத்தின் மேல் வைத்தார். மூன்றாம் வரிசையில் கறுப்பு உடையில் இருந்த தமசினைப் பார்க்கவில்லை. "அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. நீதிபதி திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை எல்லோருக்கும் கேட்டது.

எந்திரக்காரனின் கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. ஜோயலை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகும் அவன் குடிக்கவில்லை. "அன்னிக்குக் குடிச்சிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும் அம்மா" என்று தமசினிடம் ஒரு தடவை சொன்னான். பிறகு மேற்கே தங்கச் சுரங்கத்துக்குப் போனவன் கடிதம் எழுதவில்லை.

சைலஸ் வேறு தொகுதியில் நின்று நான்கு முறை ஜெயித்தார். ஐந்து வருடம் மந்திரியாக இருந்தார். மதுவிலக்குச் சங்கம் அவர் படத்தை அஞ்சலட்டையாக அச்சடித்தது. செம்பின் விலை விழுந்து 1923ல் சுரங்கம் மூடியபோது டார்கஸில் மிஞ்சியது முப்பது வீடுகள். பாதிரியார்கள் வருவதும் நின்றது. குரல் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுவருடம் சைலஸ் தோற்று, ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். தமசின் அவருக்குப் பின்னறையில் படுக்கை விரித்து, மூன்று வேளையும் சாப்பாடு போட்டாள். ஞாயிறன்று அவள் பின்னாலேயே ஆலயத்துக்குப் போய், முன்வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாம் பாட்டு முடிகிற நேரம் அவள் பக்கம் சாய்ந்தார்.

"தமசின், டிகரி விஷயத்துல நான் உங்கிட்ட..."

"அப்புறம் சொல்லுங்க" என்றாள் அவள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பாதிரியார் பேசப் போறாரு."

அவர் தள்ளி உட்கார்ந்தார். குரல் அவருடைய முப்பத்தெட்டு வயதின் பலத்தோடு எழும்பியது. வடத்தின் வயதைச் சொல்லும் இடம் வந்ததும் இருந்த பத்துப் பதினைந்து பேரும் வழக்கம்போல ஆமென் என்றார்கள். சைலஸும் சொன்னார். அது யாருக்கும் கேட்கவில்லை.